ஃபிரிட்ஜ், ஓவன், சிம்னி, தையல் மெஷின்: உள்ளே எரியும் பல்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரிக்கல் கடையில் போய் "ஃபிரிட்ஜ் பல்பு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் முதலில் திருப்பிக் கேட்பது "எத்தனை வாட்?" என்பதுதான். வாங்க வந்தவரும் யோசித்து ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஹோல்டரில் ஏறாது. ஏறினால் மேல்மூடி மூடாது. மூடி மூடினாலும் சில வாரத்தில் பல்பு போய்விடும்.

வாட் கடைசியில் பார்க்க வேண்டியது. அதற்கு முன்னால் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: அடிப்பாகம் எந்த வகை, வோல்டேஜ் எவ்வளவு, எரியப்போகும் இடம் சூடா குளிரா, உடம்பு எவ்வளவு பெரிது. இந்த நான்கில் ஒன்று தப்பினாலும் வாட் சரியாக இருந்து பயனில்லை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

## தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், டார்ச், காய்ந்த துணி, மி.மீ. கோடு உள்ள ஸ்கேல், நீளமாகக் கிழித்த ஒரு காகிதத் துண்டு. செல்போன் கேமராவும் வேண்டும். சிம்னியில் கை வைப்பதாக இருந்தால், அசையாத ஸ்டூலும் பிசுக்கைத் துடைக்கப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

பழைய பல்பைக் கழற்றிய கையோடு குப்பையில் போடுகிறவர்கள் அதிகம். புதுசு மாட்டி எரியும் வரை அது உங்கள் கையில் இருக்கட்டும். கடையில் பேசுவதை விட அதைக் காட்டுவதுதான் சுலபம்.

## 1. போனது பல்புதானா?

ஃபிரிட்ஜில் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் கதவு ஓரத்தில் உள்ள சின்ன பட்டனைப் பாருங்கள். கதவு மூடும்போது அது அமுங்கி விளக்கை அணைக்கிறது. பாலோ ஜாமோ வழிந்து ஒட்டிக்கொண்டு, பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டால், பல்பு நன்றாக இருந்தும் எரியாது. விரலால் நாலைந்து தடவை அமுக்கி விட்டு, ஈரத்துணியைப் பிழிந்து சுற்றித் துடையுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் பட்டனே இருக்காது. கதவில் காந்தமும் உடம்பில் சென்சாரும் இருக்கும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

அடுத்து பல்பு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரசர் அதிர்விலும், சூடாகிக் குளிர்வதிலும் திருகு பல்பு மெல்ல மெல்லக் கழன்று வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு (காரணம் அடுத்த படியில்) கால் திருப்பு இறுக்கிப் பாருங்கள்.

குண்டு பல்பாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே இழை அறுந்தது தெரியும். மல்டிமீட்டரில் பார்த்தால், நல்ல 15 வாட் பல்பு சில நூறு ஓம் காட்டும். 230 வோல்ட், 15 வாட் கணக்குப்படி ஏறத்தாழ 3,500 ஓம் வர வேண்டுமே என்று குழம்ப வேண்டாம். அது எரியும்போது உள்ள அளவு. ஆறிய டங்ஸ்டன் இழைக்கு அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இருக்கும். எல்.இ.டி பல்பை இப்படிச் சோதிக்க முடியாது. உள்ளே கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் இருப்பதால் மீட்டர் எதையாவது காட்டும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஒரே இடத்தில் பல்பு அடிக்கடி போகிறதா? பிராண்டைத் திட்டுவதற்கு முன் ஹோல்டரைப் பாருங்கள். உள்ளே நடுவில் இருக்கும் பித்தளைத் தகடு கறுத்தோ அமுங்கியோ இருந்தால் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும், அங்கே பொறி பறக்கும். அப்போது மாற்ற வேண்டியது ஹோல்டரை.

## 2. பிளக்கைப் பிடுங்குங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாதா? போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் இல்லாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். திருகு ஹோல்டரில் இது இன்னும் ஆபத்து. லைன் மாறி வந்திருந்தால், பல்பைச் சுற்றியுள்ள திருகுப் பகுதியே ஃபேஸாகிவிடும். கழற்றும்போது விரல் படுவது அங்கேதான்.

சிம்னியின் பிளக் மேலே கப்போர்டுக்குள் ஒளிந்திருக்கும், கை எட்டாது. அப்போது மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் கவனம்: மெயினை இறக்கியவுடன் இன்வர்ட்டர் லைனுக்கு பேட்டரி கரண்ட் வந்துவிடும். சிம்னி எந்த லைனில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் இன்வர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஓவன் என்றால் முழுதாக ஆற விடுங்கள். கண்ணாடி வெளியே ஆறினாலும் உள்ளே பல்பு சுடும். ஃபிரிட்ஜ் என்றால், வேலை முடிந்ததும் பிளக்கை உடனே சொருகாதீர்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். கம்ப்ரசரில் வாயு அழுத்தம் சமமாகும் முன் ஓட வைத்தால் அது திணறும்.

## 3. மாற்றக்கூடிய பல்பா, ஒட்டிய எல்.இ.டியா?

மேல்மூடியைத் திறந்ததும் இரண்டில் ஒன்று தெரியும். ஒன்று, கையால் திருகிக் கழற்றும் தனிப் பல்பு. மற்றொன்று, பச்சையோ வெள்ளையோ ஆன ஒரு சர்க்யூட் பட்டையில் வரிசையாகப் பதித்த எல்.இ.டி புள்ளிகள், அதிலிருந்து இரண்டு மூன்று ஒயர், நுனியில் ஒரு கனெக்டர்.

இரண்டாவது வகையாக இருந்தால் பல்பு தேடிக் கடைக்குப் போக வேண்டாம். அது அந்த மாடலுக்கே உரிய உதிரிபாகம். பெரும்பாலும் ஃபிரிட்ஜின் போர்டிலிருந்து 12 வோல்ட் டி.சி.யில் ஓடும். மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், அல்லது பட்டையில் அச்சிட்டிருக்கும் பாக எண்ணைப் போட்டோ எடுத்து ஸ்பேர் கடையில் காட்டுங்கள். "பாக்குறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கு" என்று வேறு பட்டையை வாங்கி மாட்டினால், கனெக்டர் பொருந்தினாலும் பிளஸ் மைனஸ் மாறி வரலாம்.

மாடல் எண் ஸ்டிக்கர் ஃபிரிட்ஜில் பெரும்பாலும் உள்சுவரில், காய்கறிப் பெட்டி ஓரமாக இருக்கும். ஓவனில் கதவைத் திறந்தால் சட்டத்தில், மைக்ரோவேவில் பின்பக்கம் அல்லது கதவுச் சட்டத்தில், சிம்னியில் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே. வீட்டுக்கு வந்த அட்டைப்பெட்டியில் இருந்த எண்ணை நம்பாதீர்கள், அதில் நிறத்துக்கான குறியும் சேர்ந்திருக்கும்.

## 4. கழற்றுவது

கழற்றும் முன் ஒரு போட்டோ. மேல்மூடியைப் பூட்டியிருக்கும் கொக்கி எந்தப் பக்கம், திருகு எங்கே என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் மறந்துபோகும்.

ஃபிரிட்ஜ் மூடி குளிரில் விறைத்து எளிதில் உடையும். அதன் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பாமல், இரு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கிப் பின்னுக்கோ கீழுக்கோ தள்ளிப் பாருங்கள். ஓவனின் கண்ணாடி மூடி இடது பக்கம் திருகினால் கழலும். எண்ணெய்ப் பிசுக்கில் இறுகியிருந்தால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள், பிடி கிடைக்கும்.

கண்ணாடி உடைந்து அடிப்பாகம் மட்டும் ஹோல்டரில் மாட்டிக்கொண்டால், கரண்ட் இல்லை என்பதை மறுபடி உறுதிசெய்துவிட்டு, மூக்குக் குறடால் உலோக ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். உருளைக்கிழங்கை வெட்டிச் சொருகித் திருகும் வித்தையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஹோல்டருக்குள் கிழங்குச் சாறு இறங்கினால் பிறகு துரு பிடிக்கும். வேண்டாம்.

## 5. அடிப்பாகத்தை அளந்து கண்டுபிடியுங்கள்

தப்பு நடப்பது அதிகமும் இந்தப் படியில்தான். வீட்டு விளக்குகளுக்கு நாம் வாங்குவது பின் பல்பு. அதன் பெயர் பி22. பி என்பது பின் வகை, 22 என்பது அடிப்பாகத்தின் விட்டம் மி.மீ. கணக்கில். சாதனங்களுக்குள் இருப்பது பெரும்பாலும் சின்ன திருகு வகையான இ14. இ என்றால் திருகு, 14 மி.மீ. விட்டம். அதே திருகில் பெரியது இ27, சிறியது இ12.

இ12, இ14 இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். இ12 பல்பு இ14 ஹோல்டரில் தொளதொளவென்று உள்ளே போய் நடுத்தகட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஒரு நிமிடம் எரியும், கதவைச் சாத்தினால் அணையும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லாவிட்டாலும் காகிதத் துண்டு போதும். திருகு பாகத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் குறியிட்டு, பிரித்து ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள். ஏறத்தாழ 38 மி.மீ. வந்தால் இ12. 44 வந்தால் இ14. 85 வந்தால் இ27. பின் பல்பில் 47 வந்தால் சின்ன பின் வகையான பி15, 69 வந்தால் வழக்கமான பி22. விட்டத்தில் இரண்டு மி.மீ. வித்தியாசம் கண்ணை ஏமாற்றும். சுற்றளவில் அதுவே ஆறு மி.மீ. ஆகிவிடுவதால் தப்ப வழியில்லை.

திருகும் பின்னும் இல்லாமல் இரண்டு கம்பிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஜி வகை. காலுக்குக் கால் எத்தனை மி.மீ. என்பதே அதன் எண். ஊசி போன்ற மெல்லிய நேர் கால்கள், இடைவெளி 4 மி.மீ. என்றால் ஜி4. வளையம் போல மடித்த கால்கள், இடைவெளி 9 மி.மீ. என்றால் ஜி9. இரண்டையும் மாற்றிக் கேட்டுவிடாதீர்கள், வோல்டேஜே வேறு. அது அடுத்த படியில்.

## 6. வோல்டேஜ்

இ14, பி15, ஜி9 ஆகியவை நம் ஊரில் நேரடியாக 230 வோல்ட்டில் எரிபவை. ஜி4 அப்படியல்ல, அது பெரும்பாலும் 12 வோல்ட். சாதனத்துக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரோ டிரைவரோ உட்கார்ந்து 230ஐ 12 ஆக இறக்கிக் கொடுக்கிறது. பழைய பல்பின் அடிப்பாகத்திலோ கண்ணாடியிலோ பொடி எழுத்தில் வோல்ட்டும் வாட்டும் அச்சிட்டிருக்கும். செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்துப்போயிருந்தால் சாய்வாக டார்ச் அடித்தால் தெரியும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த தையல் மெஷினோ ஓவனோ வீட்டில் இருந்தால் தனிக் கவனம் வேண்டும். அது 120 வோல்ட் சாதனம், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரில் ஓடுகிறது. அதற்கு 230 வோல்ட் பல்பு போட்டால் மினுக்மினுக்கென்று மங்கலாக எரியும். மாறாக, 120 வோல்ட் பல்பை நம் 230 வோல்ட் ஃபிரிட்ஜில் போட்டால், இழை அதன் அளவைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் மின்சாரத்தைத் தின்று, ஒரு பளிச்சோடு போய்விடும். சில சமயம் கண்ணாடியும் சிதறும். ஆன்லைனில் வாங்கும்போது படம் ஒன்றாகவே இருக்கும், விவரத்தில் 110–130 வோல்ட் என்று இருக்கலாம். அந்த வரியைப் படிக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

## 7. எரியப்போகும் இடம் எப்படிப்பட்டது?

அடிப்பாகமும் வோல்ட்டும் ஒத்துப்போன பல்பு ஹோல்டரில் ஏறும், எரியும். ஆனால் தாக்குப்பிடிக்குமா என்பதைச் சொல்வது இந்தப் படி. ஒவ்வொரு சாதனமாகப் பார்ப்போம்.

ஃபிரிட்ஜ். குளிர், ஈரம், சின்ன இடம். பழைய மாடல்களில் 15 வாட் இ14 குண்டு பல்பு பொதுவாக இருக்கும். இதற்கு எல்.இ.டி தாராளமாகப் போடலாம், குளிரில் எல்.இ.டி.க்குச் சிரமம் இல்லை. சூடும் குறைவு, அது ஃபிரிட்ஜுக்கு நல்லது. வெளிச்சம் போதவில்லை என்று 25, 40 வாட் குண்டு பல்பு போடுகிறவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்து வளைந்துவிடும்.

சாமி படத்துக்கு முன்னால் எரியும் ஜீரோ வாட் பல்பை ஃபிரிட்ஜுக்குப் போட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அதில் பெரும்பாலானவை பி22 பின் வகை, ஃபிரிட்ஜின் திருகு ஹோல்டரில் ஏறவே ஏறாது. பழைய குண்டு வகை ஜீரோ வாட் பல்பு நிஜத்தில் 12 முதல் 15 வாட் வரை எடுக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பெயரில்தான் ஜீரோ.

ஓவன், ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன்). இங்கே கண்டிப்பாக ஓவனுக்கென்றே செய்த பல்பு வேண்டும். பெட்டியிலோ கண்ணாடியிலோ 300 டிகிரி என்று போட்டிருக்கும். அளவு பெரும்பாலும் இ14, 15 அல்லது 25 வாட். பதித்துக் கட்டிய ஓவன்களில் ஜி9 ஹாலஜனும் உண்டு.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கேக்குக்கு 180 டிகிரி வைக்கிறோம், பீட்சாவுக்கு 230, 250 வரை போகிறோம். சாதாரண சால்டரிங் ஈயம் 183 டிகிரியிலேயே உருகும். சாதாரண பல்பின் அடிப்பாகத்தில் உள்ள பற்றும், கண்ணாடியை உலோகத்தோடு ஒட்டும் பசையும் இந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. கண்ணாடி கழன்று தனியே கையோடு வருவது இப்படித்தான். எல்.இ.டி பற்றிக் கேட்கவே வேண்டாம். அதன் டிரைவரில் உள்ள கெபாசிட்டர்கள் 105 டிகிரி வரை தாங்குவதற்கென்றே செய்யப்படுபவை. ஓவன் விளக்குக்கு "கரண்ட் மிச்சம்" என்று யோசிப்பது வீண், அது எரிவது சில நிமிடம்.

கண்ணாடி மூடி இல்லாமல் ஓவன் பல்பை எரிய விடாதீர்கள். கொதிக்கும் பல்பின் மேல் ஒரு சொட்டுக் குழம்பு தெறித்தால் கண்ணாடி வெடித்து, துகள் சாப்பாட்டில் விழும்.

மைக்ரோவேவ். இதற்கு ஒரு தனி விதி. பல்பு சமைக்கும் அறைக்குள் இல்லை, ஓட்டை போட்ட தகட்டுக்குப் பின்னால் எந்திரத்தின் உடம்புக்குள் இருக்கிறது. சில மாடல்களில் பின்புறமோ பக்கவாட்டிலோ பல்புக்கென்றே ஒரு சின்னக் கதவும் ஒரே ஒரு திருகும் இருக்கும். அது இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால், வெளிக்கூட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் இறங்காமல் இருக்கலாம். இதை சர்வீஸ்காரரிடம் விடுங்கள். விளக்கு இல்லாமலும் மைக்ரோவேவ் சமைக்கும், அவசரம் ஒன்றுமில்லை.

பல்பைப் பார்த்தாலே இது வேறு ஜாதி என்று தெரியும். திருகோ பின்னோ இல்லாமல், ஒயர் கிளிப் மாட்டும் இரண்டு தகட்டுக் கால்கள் இருக்கும். 20 வாட் பொதுவான அளவு. தகடு நேராக இருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

சிம்னி. சூடு, ஆவி, எண்ணெய் மூன்றும் சேர்ந்த இடம். இங்கே மூன்று தலைமுறை விளக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன: இ14 மெழுகுவத்தி வடிவப் பல்பு, ஜி4 ஹாலஜன் 20 வாட், வட்டத் தட்டு எல்.இ.டி.

இ14 என்றால் எல்.இ.டி.க்கு மாறலாம், ஆனால் மேல்மூடி நன்றாக மூடும் வகையாக இருக்க வேண்டும். ஜி4 ஹாலஜனை எடுத்துவிட்டு ஜி4 எல்.இ.டி போடும்போது சிக்கல் வரும். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரின் லேபிளைப் பாருங்கள். 20–60 வாட் என்று போட்டிருந்தால், குறைந்தது 20 வாட் சுமை இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும் என்று பொருள். ஒன்றரை வாட் எல்.இ.டி இரண்டு போட்டால் மொத்தம் மூன்று வாட். டிரான்ஸ்பார்மர் ஓடத் தொடங்கி நின்று, தொடங்கி நின்று, விளக்கு துடிக்கும். "எல்.இ.டி டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் அதிகம், பல்பின் மேல் குற்றமே இருக்காது. ஒன்று, ஹாலஜனையே திரும்பப் போடுங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்து டிரான்ஸ்பார்மரையும் 12 வோல்ட் எல்.இ.டி டிரைவராக மாற்றுங்கள்.

வட்டத் தட்டு எல்.இ.டி போனால், போனது விளக்கா டிரைவரா என்று பார்ப்பது நல்லது. இரண்டு விளக்கும் ஒரே நாளில் அணைந்தால் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். ஒன்று மட்டும் போனால் விளக்கு. டிரைவர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் சொல்லாமல், லேபிளில் உள்ள மில்லி ஆம்பியரையும் ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இதற்குச் சரியான இடம். பழைய டிரைவரைக் கையோடு கொண்டுபோங்கள்.

தையல் மெஷின். 15 வாட் பல்புதான், ஆனால் இ14 திருகிலும் பி15 பின்னிலும் இரண்டு விதமாக வருகிறது. "தையல் மெஷின் பல்பு" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பார். அதிர்வில் இழை சீக்கிரம் அறுந்துபோகும் என்பதால் இங்கே எல்.இ.டி நல்ல மாற்று, முகத்துக்குப் பக்கத்தில் சூடும் அடிக்காது.

சூட்டுக்காக எரியும் பல்புகள். உப்புக்கல் விளக்கு, வாசனை எண்ணெய் விளக்கு, முட்டை பொரிக்கும் பெட்டி இவற்றில் பல்பின் வேலை வெளிச்சம் அல்ல, சூடு. எல்.இ.டி போட்டால் விளக்கு எரியும், வேலை நடக்காது. எழுதியிருக்கும் வாட்டில் குண்டு பல்பையே போடுங்கள்.

## 8. உடம்பு அளவு

பழைய பல்பை ஸ்கேலில் படுக்க வைத்து முழு நீளத்தையும், அகலமான இடத்தில் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புதுசு இதை விடச் சிறியதாக இருக்கலாம், பெரியதாக இருக்கக் கூடாது.

எல்.இ.டி.யில் கூடுதலாகக் கழுத்தைப் பார்க்க வேண்டும். குண்டு பல்பு அடியில் ஒல்லியாகி மேலே பருக்கும். எல்.இ.டி.யோ டிரைவர் இருப்பதால் அடியிலேயே தடித்திருக்கும். ஹோல்டரைச் சுற்றி பிளாஸ்டிக் வளையம் இருந்தால் அதில் இடித்து, கடைசி ஒரு சுற்று இறங்காமல் நின்றுவிடும். எரியாது. புது பல்பு கோளாறு என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள்.

## 9. இப்போது வாட், பிறகு நிறம்

ஹோல்டர் பக்கத்தில் உச்ச வரம்பு எழுதியிருக்கும். குண்டு பல்போ ஹாலஜனோ போட்டால் அந்த எண்ணைத் தாண்டவே கூடாது. அந்த எண் வெளிச்சத்துக்காக எழுதப்பட்டதல்ல, அந்த இடம் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்காக எழுதப்பட்டது.

எல்.இ.டி.க்கு வாட்டை விட்டுவிட்டு, வெளிச்சத்தின் அளவான லூமென் பாருங்கள். 15 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் 100 லூமென் சுற்றிலும் இருக்கும், அதற்கு ஒன்றரை முதல் இரண்டு வாட் எல்.இ.டி போதும். 15 வாட் இடத்தில் 9 வாட் எல்.இ.டி போட்டால் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மூடிய சின்னக் கூட்டுக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் டிரைவர் சீக்கிரம் போகும், இரவில் ஃபிரிட்ஜைத் திறந்தால் கண்ணும் கூசும்.

நிறம் உங்கள் விருப்பம். பெட்டியில் அது கெல்வின் கணக்கில் இருக்கும்: 2700 கெல்வின் மஞ்சள், 6500 வெள்ளை. தையலுக்கும் சிம்னிக்கும் 4000 சுற்றிலும் உள்ளதை எடுத்தால் நூலின் நிறமும், வதங்கும் வெங்காயத்தின் நிறமும் சரியாகத் தெரியும். சுத்த வெள்ளையில் பொன்னிறத்துக்கும் தீய்ந்ததற்கும் வித்தியாசம் பிடிபடுவது சிரமம்.

## 10. கடையில்

பழைய பல்பைக் கொடுத்து, "இ14, 230 வோல்ட், ஓவனுக்கு, 300 டிகிரி, 25 வாட்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். "இதுவும் செட் ஆகும் சார்" என்று வேறொன்றை நீட்டினால், ஓவனைத் தவிர மற்றவற்றுக்கு, தொடக்கத்தில் சொன்ன நான்கையும் சரிபார்த்துவிட்டு வாங்கலாம். ஓவனுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்.இ.டி பல்பு என்றால் பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ் குறியும், ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கடையிலேயே சோதனை ஹோல்டரில் போட்டு எரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

## 11. மாட்டுவதும் சரிபார்ப்பதும்

ஹாலஜன் பல்பை வெறும் கையால் தொடாதீர்கள், துணியிலோ அதன் உறையிலோ பிடியுங்கள். விரலில் உள்ள எண்ணெய் கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி, கண்ணாடி பூத்து வெடிக்கும். தெரியாமல் பட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எரிய விடுங்கள்.

திருகு பல்பை இரண்டு விரலால் திருகும் அளவுக்கு இறுக்கினால் போதும். இறுக்கியும் எரியவில்லை என்றால், பிளக் பிடுங்கிய நிலையில் ஹோல்டர் நடுத்தகட்டை மரக்குச்சியால் ஒரு மி.மீ. மேலே தூக்கி விடுங்கள். பழைய பல்பு வருடக்கணக்கில் அமுக்கி அதைப் படுக்க வைத்திருக்கும்.

ஃபிரிட்ஜில் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: கதவைச் சாத்தினால் விளக்கு அணைகிறதா? செல்போனில் வீடியோவை ஓட விட்டு, நடுத் தட்டில் பல்பைப் பார்த்தபடி சாய்த்து வைத்து, கதவைச் சாத்தி, பத்து விநாடி கழித்து எடுத்துப் பாருங்கள். படம் இருட்டாகியிருக்க வேண்டும். அணையாமல் எரிந்தால் பட்டன் கோளாறு. 15 வாட் குண்டு பல்பு நாள் முழுக்க உள்ளே எரிந்தால் மூன்று நாளில் ஒரு யூனிட்டுக்கு மேல் போகும். அது கிளப்பும் சூட்டை வெளியேற்றக் கம்ப்ரசர் ஓடுவது அதற்கு மேல் தனி.

எல்லாம் சரியாக எரிந்த பிறகு பழைய பல்பைத் தாளில் சுற்றித் தூக்கிப் போடுங்கள். அதற்கு முன், ஒரு துண்டு டேப்பில் "இ14, 230 வோ, 15 வா, நீளம் 57" என்பது போல உங்கள் அளவுகளை எழுதி மேல்மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஓவனில் மட்டும் டேப் தீய்ந்துவிடும், அதை வாரன்டி அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள்.